கல்வித் தத்துவம் வகுப்பறைக்குள் வரும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பயிலும் ஆசிரியர்களுக்கு வார இறுதி நாள்களில் கல்வித் தத்துவம் கற்பித்து வருகிறேன். அதற்கு முன் இதே மாவட்டத்துப் பாடசாலைகளில் நெடுங்காலம் விஞ்ஞானம் கற்பித்தேன். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் விடாமல் தொடரும் கேள்விகளை இங்கே தொகுத்து, என்னால் இயன்ற விடைகளை எழுதியிருக்கிறேன். சில விடைகள் நீண்டுவிட்டன. சில கேள்விகளுக்கு நாலு வரிக்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கல்வித் தத்துவம் என்பது என்ன? மெய்யியல் என்பதும் அதுதானா?

தத்துவம், மெய்யியல் என்ற சொற்கள் இரண்டும் ஒன்றையே குறிக்கும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் துறைக்கு மெய்யியல் என்று பெயர்; ஆசிரியர் பயிற்சியில் கல்வித் தத்துவம் என்ற வழக்கே நிலைத்துவிட்டது. யாருக்குக் கற்பிக்கிறோம், எதைக் கற்பிக்கிறோம், எதற்காகக் கற்பிக்கிறோம், மாணவர் அதை அறிந்துகொண்டார் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்னும் கேள்விகளுக்கு ஒருவர் வைத்திருக்கும் விடைகளின் தொகுப்பே அவருடைய கல்வித் தத்துவம். அந்த விடைகளை அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. "எனக்குத் தத்துவம் ஒன்றும் கிடையாது, பாடத்திட்டத்தை முடிப்பதுதான் என் வேலை" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அறிவு என்பது பாடத்திட்டத்தில் அச்சாகியிருப்பது, கற்பித்தல் என்பது அதைக் குறித்த தவணைக்குள் ஒப்பித்து முடிப்பது என்ற மிகத் திட்டவட்டமான ஒரு தத்துவத்தை அவர் அறிவித்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். அதனால் ஒரு பாடசாலையின் தத்துவத்தை அறிய விரும்பினால் நுழைவாயிலில் மாட்டியிருக்கும் தூரநோக்குப் பலகையை விட்டுவிட்டு, நேரசூசியையும் தவணைப் பரீட்சை வினாத்தாளையும் கேட்டு வாங்குங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

இலட்சியவாதம், இயற்கைவாதம், பயன்கொள்வாதம் என்று எத்தனையோ வாதங்கள் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் மனனம் செய்ய வேண்டுமா?

பரீட்சைக்குத் தேவையான அளவு செய்யுங்கள். வாதங்களின் பெயர்களையும் அவற்றின் தந்தையர் பட்டியலையும் மனனம் செய்து, மனனம் கூடாது என்று சொன்ன அமெரிக்கத் தத்துவவாதி டூயியைப் பற்றி ஐந்து பக்கம் எழுதுவது நம் துறையின் பழைய வேடிக்கை. அன்றாட வேலைக்கு மூன்று போக்குகளைப் பிரித்தறிந்தால் போதும். முதலாவது, காலம் கடந்து நிற்கும் அறிவை அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றிக் கையளிக்க வேண்டும் என்பது. இரண்டாவது, பிள்ளையின் அனுபவத்திலிருந்தே அறிவு கட்டி எழுப்பப்பட வேண்டும் என்பது. மூன்றாவது, சமூகத்தில் இருக்கும் அநீதியை மாற்றும் ஆற்றலைக் கல்வி தர வேண்டும் என்பது. நல்ல ஆசிரியர் எவரும் இவற்றில் ஒன்றோடு மட்டும் நிற்பதில்லை. ஆனால் நேரம் போதாமல் போகும் நாளில் எதைக் கைவிடுகிறார் என்பதில் அவர் எந்தப் பக்கம் சாய்ந்தவர் என்பது தெரிந்துவிடும்.

தத்துவம் மாறினால் கற்பித்தல் உண்மையில் மாறுகிறதா? ஓர் உதாரணம் தர முடியுமா?

வெப்பநிலை என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது நிமிடப் பாடவேளையில் வெப்பமானியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பகுதிகளைக் குறித்து, வாசிக்கும் முறையை விளக்கி, ஐந்து வினாக்களுக்கு விடை எழுதச் செய்து, கொப்பிகளைத் திருத்தியும் விடலாம். பல ஆண்டுகள் நான் அப்படித்தான் செய்தேன். அது மோசமான கற்பித்தல் என்று இப்போதும் நினைக்கவில்லை.

ஒரு முறை எட்டாந்தர மாணவர்களை அநுராதபுர வீதிப் பக்கமுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஏழு சிறு கிணறுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏழிலும் சூடு ஒன்றாக இருப்பதில்லை. முதலில் கையால் தொட்டுப் பார்த்து, சூடு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்துங்கள் என்று குழுக்களுக்குச் சொன்னேன். ஒரு குழுவின் வரிசையும் மற்றக் குழுவின் வரிசையும் பொருந்தவில்லை. பெரிய வாக்குவாதம். அப்போது பின்னால் நின்ற ஒரு சிறுமி, "சேர், முதல் எந்தக் கிணத்தில கை வச்சதெண்டு பாக்கோணும்; சூட்டில இருந்து எடுத்த கைக்கு மற்றது குளிரும்தானே" என்றாள். வெப்பமானி ஏன் தேவை என்பதை, நான் வாயைத் திறக்காமலே, வகுப்பு அந்த இடத்தில் கண்டுகொண்டது. பிறகு வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினார்கள். மேலே இழுத்துக் கண்ணுக்கு நேரே பிடிப்பதற்குள் திரவம் இறங்கிவிட்டது. வாளியில் நீரை மொண்டு, வெப்பமானியை நீருக்குள் வைத்தபடியே வாசிக்க வேண்டும் என்று அவர்களே தீர்மானித்தார்கள். வாளி ஆறும் வேகத்தைப் பற்றிய விவாதம் திரும்பும் பஸ்ஸிலும் ஓயவில்லை. எரிமலை இல்லாத ஊரில் நீர் எப்படிச் சுடுகிறது என்ற கேள்வியும் வந்தது. ஆழத்துக்குச் செல்லச் செல்லப் பூமியின் வெப்பம் கூடுகிறது என்பதையும், ஆழத்தில் இறங்கிச் சூடான நிலத்தடி நீர் பாறைப் பிளவுகள் வழியே மேலேறி வருகிறது என்பதையும் மறுநாள் வகுப்பில் சொன்னேன். அதைக் கண்டுபிடிக்கும்படி அவர்களை விட்டிருந்தால் இன்றுவரை கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். சொல்லித்தான் ஆக வேண்டிய அறிவும் உண்டு.

அரை நாள் போனது. பாடத்திட்டத்தில் ஒரு அலகு பின்தங்கியது. அதிபர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, ஏனென்றால் வலயக் கல்விப் பணிமனை அவரிடம் கேட்பது எத்தனை அலகு முடிந்தது என்பதைத்தான். இரண்டு தத்துவங்கள் முட்டிக்கொள்ளும்போது அது கருத்தரங்கு மேடையில் நடப்பதில்லை, இப்படிப் பதிவேட்டு மேசையில் நடக்கிறது.

இவையெல்லாம் மேற்கிலிருந்து இறக்குமதியான சிந்தனைகள்தானே? தமிழில் கற்பித்தல் பற்றிய சிந்தனை இருந்ததா?

இருந்தது, அதுவும் வியக்கத்தக்க நுட்பத்துடன். 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், இலக்கணத்துக்குள் நுழையும் முன் பொதுப்பாயிரத்தில் நூல் எத்தகையது, ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், பாடம் சொல்லும் முறை என்ன, மாணாக்கர் யார், பாடம் கேட்கும் முறை என்ன என்று வரிசையாகப் பேசுகிறது. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கினாலும் மாணவருக்குக் கிடைப்பது காற்பங்கு புலமை மட்டுமே. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதில் இன்னொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வரும். சேவைக்காலப் பயிற்சிகளில் சகபாடிக் கற்றல் என்று படவில்லைகளில் காட்டப்படுவதை நன்னூலை எழுதிய பவணந்தியார் பின்னக் கணக்காகவே சொல்லிவைத்தார். இதை அப்படியே ஏற்றால் நாற்பது நிமிடப் பாடவேளையில் ஆசிரியரின் குரல் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது. என்னையும் சேர்த்து, அப்படி நடக்கும் வகுப்புகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதே பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி என்று தொடங்கி ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை வரை தரம் பிரிக்கிறது. இது எனக்கு உடன்பாடில்லை. குடத்தில் ஓட்டை இருந்தால் குற்றம் குடத்தின் மேல்தான் என்ற எண்ணம், கற்பித்தலில் உள்ள குறையை மாணவர் தலையில் சுமத்த வசதியாகிவிடுகிறது. ஆசிரியர் ஓய்வறைகளில் இன்றும் எருமை மாடு என்ற சொல் புழங்குவதை அறியாதவர் யார்? பழையது என்பதற்காக ஒன்றை முழுதாக ஏற்கவும் வேண்டாம், முழுதாகத் தள்ளவும் வேண்டாம்.

நமக்கு இன்னும் அருகில் விபுலாநந்த அடிகள் இருக்கிறார். 1892இல் காரைதீவில் பிறந்தவர். விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்து, பின்னர் துறவியாகி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றுக் கிழக்கில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பணியாற்றினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூல், மறைந்துபோன ஓர் இசைக் கருவியைப் பழந்தமிழ் இலக்கியச் சான்றுகளாலும் சுருதிக் கணக்குகளாலும் மீட்டெடுக்க முயன்ற ஆராய்ச்சி. கலைப்பிரிவா, விஞ்ஞானப் பிரிவா என்று பதினாறு வயதில் பிள்ளைகளைப் பிரித்துவிடும் நம் ஏற்பாட்டுக்குள் அப்படி ஒரு நூலை எழுதக்கூடியவர் உருவாக வழி இருக்கிறதா என்பதை யோசிக்க வேண்டும்.

2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மாணவர் மையக் கற்றலைக் கொண்டுவந்ததே. பிறகு ஏன் வகுப்பறை பழையபடியே இருக்கிறது?

மாணவர் எதைச் செய்ய வல்லவராக வேண்டும் என்பதை மையமாகக் கொண்ட தேர்ச்சி மையக் கலைத்திட்டமும், 'ஃபைவ் ஈ' என்று ஆசிரியர்கள் அழைக்கும் ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளும் அந்தச் சீர்திருத்தத்தோடு ஆசிரியர் வழிகாட்டிகளில் ஏறின. வழிகாட்டி மாறியது, சாதாரணதரப் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் பெருமளவுக்குப் பழைய இடத்திலேயே நின்றன. ஆசிரியர் எந்த நூலைப் படித்தாலும் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தாள் எதைக் கேட்கிறதோ அதையே கற்பிப்பார். அவர் அப்படிச் செய்யாவிட்டால் பின்னேரத்தில் ரியூசன் வகுப்பு அதைச் செய்யும். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் குழுச்செயற்பாடு நடத்துவதன் சிரமம், ஆய்வுகூடத்தில் உபகரணம் இல்லாத பாடசாலை, பாடக்குறிப்பில் ஐந்து படிகளையும் எழுதிவிட்டுப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து முடிக்கும் பழக்கம் ஆகியவையும் காரணங்கள்தாம். ஆனால் என் கணிப்பில் முதற்காரணம் பரீட்சைத் தாளே.

இலவசக் கல்விக்குப் பின்னால் இருந்த தத்துவம் என்ன?

ஒரு பிள்ளை எந்த வீட்டில் பிறந்தது என்பது அது எவ்வளவு தூரம் படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது; 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி வழிக் கற்பித்தல், கிராமப்புறங்களுக்கு மத்திய மகா வித்தியாலயங்கள், அவற்றுக்கு வறிய பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கப் புலமைப்பரிசில் என்று அந்தத் தத்துவம் நிறுவனங்களாக உருவெடுத்தது. இலட்சியம் ஒன்று, கட்டடமாகவும் சட்டமாகவும் பணமாகவும் மாறியதற்கு இந்நாட்டில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

நிறுவனம் நிலைத்துவிட்ட பிறகு அதன் உள்ளே இருந்த தத்துவம் சத்தமில்லாமல் மாறிவிடக்கூடும் என்பதற்கும் அதே புலமைப்பரிசில்தான் எடுத்துக்காட்டு. வறிய கிராமத்துப் பிள்ளைக்குக் கதவு திறக்க வந்த ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை, இன்று நகரத்துப் பெற்றோர் மூன்றாந்தரத்திலிருந்தே பிள்ளையை வகுப்பு வகுப்பாக ஏற்றி இறக்கும் போட்டியாகிவிட்டது. பல்கலைக்கழக அனுமதியிலும் இதே இழுபறியைக் காணலாம். கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த மூன்று எண்களும் கணிதத்திலிருந்து வந்தவை என்று நினைக்க வேண்டாம். திறமை என்றால் என்ன, நீதி என்றால் என்ன என்பது பற்றிய இரண்டு வாதங்கள் ஒன்றையொன்று முழுதாக வெல்ல முடியாமல் செய்துகொண்ட உடன்படிக்கை அது.

ஆராய்ச்சியில் தத்துவத்துக்கு என்ன வேலை? தரவு தரவுதானே?

தரவு எது என்பதையே தத்துவம்தான் தீர்மானிக்கிறது. இடைவிலகலை எடுத்துக்கொள்ளுங்கள். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதி இருக்கிறது. ஆயினும் கரையோரக் கிராமம் ஒன்றில் பத்தாந்தரத்துக்குள் பையன்கள் பாடசாலையை விட்டு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவிடக்கூடியதே அறிவு என்று கருதும் ஆய்வாளர் வரவுப் பதிவேட்டையும் குடும்ப வருமானத்தையும் பாடசாலைக்கான தூரத்தையும் திரட்டி, எந்தக் காரணி எவ்வளவு தாக்கம் செலுத்துகிறது என்று கணிப்பார். அதனால் கொள்கை வகுப்போருக்குப் பயன் உண்டு.

மனிதர் தம் வாழ்வுக்குக் கொடுக்கும் பொருளே முக்கியம் என்று கருதுபவர், விடியற்காலையில் கரைவலை இழுக்கும் இடத்தில் போய் உட்கார்வார். அங்கே அவருக்குப் பதிவேட்டில் இல்லாத ஒன்று தெரியவரும். வகுப்பில் பின்வாங்கில் இருந்து தலை குனிந்த பையன், இங்கே நீரோட்டத்தையும் காற்றின் மாற்றத்தையும் பார்த்துப் பெரியவர்களுக்கு யோசனை சொல்லுகிறான், கேட்கிறார்கள். ஓரிடத்தில் மதிப்பும் இன்னோரிடத்தில் அவமானமும் கிடைத்தால் அவன் எங்கே போவான்? அவன் 'இடைவிலகினான்' என்று எழுதுவதா, தனக்கு மதிப்புள்ள இடத்துக்குச் சென்றான் என்று எழுதுவதா என்பது சொல்லைப் பற்றிய சில்லறைப் பிரச்சினை இல்லை.

மூன்றாமவர், பிரேசிலின் பாவ்லோ பிரெய்ரேயின் வழியில் வருபவர். மாணவரை வெறுமையான வங்கிக் கணக்காகவும் ஆசிரியரைப் பணம் வைப்பிடுபவராகவும் காணும் கல்வியை வங்கி முறை என்று பிரெய்ரே கண்டித்தார். இந்த ஆய்வாளர், கேள்வியைத் தாமே தயாரித்துக்கொண்டு போக மாட்டார். அந்தப் பையன்களோடும் தாய்மாரோடும் இருந்து கேள்வியையே கூட்டாக உருவாக்குவார். ஆய்வின் முடிவு ஒரு கட்டுரையாக வெளிவருவதைவிட, அந்தப் பாடசாலையின் நேரசூசி மீன்பிடிப் பருவத்துக்கு ஏற்ப ஒரு மணி நேரம் தள்ளிப்போவது அவருக்குப் பெரிதாக இருக்கலாம்.

என் மாணவர்கள் ஆய்வு முன்மொழிவைக் கொண்டுவரும்போது வினாக்கொத்து முதலில் தயாராகிவிடுகிறது, ஆய்வுக் கேள்வி பின்னால் வருகிறது. உலை வைத்துவிட்டு அரிசிக்கு அலைவது போன்றது இது.

சித்த மருத்துவம் போன்ற மரபு அறிவுத் துறையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுமா?

கூடும், அதனாலேயே அது நமக்குப் பெரிய வாய்ப்பு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கமாகக் கோணேசபுரியில் இருக்கிறது. தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம் ஆகியவற்றோடு சித்த மருத்துவப் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. ஒரே வளாகத்துக்குள், பரிசோதனைக் கூடத்தில் மீளச் செய்து காட்டக்கூடியதே சான்று என்று கற்கும் மாணவரும், ஏட்டுச்சுவடியும் குருவின் நாடி பிடிக்கும் கையும் தலைமுறைகளின் அனுபவமும் சான்றாகும் என்று கற்கும் மாணவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள்.

மரபு மருந்தை நவீன ஆய்வுமுறையால் மட்டும் சோதித்தால், வாதம், பித்தம், கபம் என்ற அதன் விளக்கச் சட்டகம் வெளியே தள்ளப்பட்டு, மூலிகையின் ஒரு வேதிப்பொருள் மட்டும் மிஞ்சும். மரபின் சொல்லே போதும் என்று விட்டால், நோயாளிக்குத் தீங்கு தரக்கூடிய மருந்தும் கேள்வியின்றிப் போய்விடும். நோயாளியின் பாதுகாப்பு என்ற இடத்தில் சோதனைக்கு விலக்கு இருக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. அதே வேளையில், எதைக் குணம் என்று சொல்கிறோம் என்ற கேள்வியைச் சித்த மருத்துவர்களையும் உட்காரவைத்துக்கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் ஒன்றின் நோக்கங்களைத் தத்துவம் எப்படி வடிவமைக்கிறது?

1810இல் பேர்லினில் வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ற்றின் எண்ணத்தில் உருவான பல்கலைக்கழகம், கற்பித்தலும் ஆராய்ச்சியும் பிரியக் கூடாது என்ற கொள்கையை உலகுக்குத் தந்தது. ஜோன் டூயி 1896இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுகூடப் பாடசாலையில், சமையலும் நெசவும் தச்சுவேலையும் பாடங்களாயின. அந்த வகுப்பறையே கல்வி ஆராய்ச்சியின் களமும் ஆயிற்று. 1921இல் தாகூர் விசுவபாரதியைத் தொடங்கியபோது, உலகப் பண்பாடுகள் ஒரு மரத்தடியில் சந்திக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோளாக இருந்தது. 1990இல் அமெரிக்கரான ஏர்னஸ்ட் போயர், புதியன கண்டுபிடிப்பது, துறைகளை இணைப்பது, அறிவைப் பிரயோகிப்பது, கற்பிப்பது ஆகிய நான்கும் புலமையே என்று வாதிட்டார்.

ஒரு நிறுவனம் இவற்றில் எதை நம்புகிறது என்பதைப் பதவி உயர்வு விண்ணப்பப் படிவத்தில் காணலாம். ஆய்வுக் கட்டுரைக்கு எத்தனை புள்ளி, நல்ல கற்பித்தலுக்கு எத்தனை புள்ளி, குச்சவெளி விவசாயிகளோடு ஒரு போகம் வேலை செய்ததற்குப் புள்ளி உண்டா என்று பாருங்கள். சமூகத்துக்கான பல்கலைக்கழகம் என்று பணிக்கூற்றில் எழுதிவிட்டு, படிவத்தில் அதற்கு இடமே விடாவிட்டால், இளம் விரிவுரையாளர் படிவத்தைத்தான் நம்புவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்று சமூகங்கள் வாழும் மாவட்டத்தில் கல்வியின் குறிக்கோள் வேறாக இருக்க வேண்டுமா?

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டம் இது. தாய்மொழிக் கல்வி என்ற நல்ல கொள்கையே, பிள்ளைகளை மொழிவாரியாகவும் சமயவாரியாகவும் வெவ்வேறு பாடசாலைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூதூரிலும் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் நகரிலும் ஒரே கலைத்திட்டத்தைப் படிக்கும் பிள்ளைகள், பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் ஒருவரையொருவர் பெரும்பாலும் விளையாட்டுப் போட்டியில் எதிரணியாகவே சந்திக்கிறார்கள். தாய்மொழிக் கல்வியைக் கைவிடச் சொல்ல மாட்டேன். அது இல்லாதிருந்தால் என் போன்றவர்கள் படித்திருக்கவே மாட்டோம். ஆனால் இரண்டாம் மொழிப் பாடத்தைப் புள்ளிக்கான பாடமாக அன்றி, அடுத்த ஊர்ப் பிள்ளையோடு பேசுவதற்கான பாடமாக நடத்தலாம். இரு மொழி மாணவர்களும் சேர்ந்து செய்யும் ஒரு செயற்றிட்டம் ஆண்டுக்கு ஒன்றாவது இருக்கலாம். கன்னியாவின் சூடு எல்லாக் கைக்கும் ஒரே மாதிரித்தான் பிழையாகத் தெரியும்.

பெற்றோர் கேட்பது பெறுபேறு மட்டுமே. அவர்களிடம் தத்துவம் பேசி என்ன பயன்?

பெறுபேற்றை விரும்புவதும் ஒரு நியாயமான தத்துவமே. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கடந்து, வீடு வாசல் போனாலும் படிப்புப் போகாது என்று கண்டுகொண்ட குடும்பங்கள் இவை. அவர்களுக்கு வகுப்பெடுக்காதீர்கள், பிள்ளை என்ன ஆக வேண்டும் என்று கேட்டுவிட்டு, எப்படிப்பட்ட ஆளாக வேண்டும் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் நீண்ட நேரம் பேசுவார்கள்.

தனி ஓர் ஆசிரியர் எங்கிருந்து தொடங்கலாம்?

சென்ற தவணையில் நீங்களே தயாரித்த வினாத்தாளை எடுத்து, நினைவை மட்டும் கேட்கும் வினாக்களுக்குச் சிவப்பும், அறிந்ததைப் புதிய இடத்தில் பிரயோகிக்கக் கேட்பவற்றுக்கு நீலமும், மாணவரின் சொந்தத் தீர்ப்பைக் காரணத்தோடு கேட்பவற்றுக்குப் பச்சையும் அடையாளமிடுங்கள். பக்கத்தில் உங்கள் பாடக்குறிப்பில் எழுதிய நோக்கங்களை வையுங்கள். என் வகுப்பில் இந்தப் பயிற்சியைச் செய்த ஒரு வரலாற்று ஆசிரியை, நோக்கங்களில் 'விமர்சன நோக்கு' என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தார். தாள் முழுவதும் சிவப்பாக இருந்தது. சிரித்துவிட்டு, அடுத்த தவணைத் தாளில் ஒரு வினாவை மாற்றினார்: பிரெட்ரிக் கோட்டை எந்த ஆண்டு யாரால் கட்டப்பட்டது என்பதற்குப் பதிலாக, அந்தக் கோட்டைக்குள் இன்று மான்கள் மேய்வதையும் அதைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு அடியார்கள் நடப்பதையும் காணும் ஒருவர் இந்த இடத்தின் வரலாற்றை யாருடைய வரலாறு என்று எழுதுவார், ஏன் என்று கேட்டார். விடைத்தாள் திருத்த வழக்கத்தைவிட மூன்று நாள் கூடுதலாகப் பிடித்ததாம். அந்த விடைகளில் நாலைந்தைப் புகைப்படம் எடுத்து எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.